சட்டமன்ற உறுப்பினரின் கோப்புகள்: கேமரன் மலைத் தமிழரின் எழுதப்பட்ட வரலாறு

ஒருவர் பல தவணைகள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு விலகுகிறார், அல்லது மறைகிறார். அவரிடம் சேர்ந்திருந்த காகிதங்கள் என்ன ஆகின்றன? தொகுதி மக்கள் கொடுத்த மனுக்கள், நில அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள், கோயில் நிர்வாகங்களின் கோரிக்கைகள், தமிழ்ப்பள்ளிக் கூட்டங்களின் குறிப்புகள், தேர்தல் துண்டறிக்கைகள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள் என்று அவை பல வகை. சேவை மையத்தின் வாடகை முடிந்ததும் சில பழைய தாள்களோடு எடைக்குப் போகும். சில வீட்டுப் பின்கட்டில் பெட்டிகளாகக் கிடந்து கறையானுக்கு இரையாகும். காப்பகத்துக்குள் நுழைவது மிகச் சிலவே.

இது எல்லாச் சமூகங்களுக்கும் இழப்புதான். ஆனால் தோட்டத் தமிழருக்கு இந்த இழப்பு மும்மடங்கு. தங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய ஆவணங்கள் அவர்களுக்கு ஏராளமாக உண்டு. தாங்களே எழுதி, தாங்களே கையெழுத்திட்டு, தங்கள் குறையைச் சொன்ன ஆவணங்கள் குறைவு. அப்படிப்பட்ட எழுத்து அதிகம் சேர்ந்திருக்கக்கூடிய இடங்களில் ஒன்று மக்கள் பிரதிநிதியின் கோப்பு. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து, இத்தகைய கோப்புகளின் மதிப்பு, பிற இடங்களில் அவை பாதுகாக்கப்பட்ட விதம், நம்மிடையே உள்ள தடைகள், செய்யக்கூடியவை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையைப் பற்றி எழுதியவர்கள்

1885-ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறித்துவைத்தார். மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கே வந்து, மலைவாழிடமாக வளர்க்கும் திட்டத்துக்கு உயிர் கொடுத்தார். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல், சிலோனில் தேயிலை பயிரிட்ட அனுபவமுள்ள ஏ.பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பன்சால் குடும்பத்தின் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1930-களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது.

இந்தத் தேதிகளோடு இன்னொரு தேதியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1938-ல் மலாயாவுக்கு உதவித்தொகையோடு தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி முறையின் ஆள்சேர்ப்பு அத்தோடு முடிவுக்கு வந்தது. ஆகவே கேமரன் மலைத் தோட்டங்கள் கங்காணி காலத்தின் கடைசிப் பத்தாண்டில் உருவானவை. கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் இரண்டு தலைமுறை கண்டுவிட்ட ரப்பர் தோட்டங்களைப் போல அல்லாமல், இந்த மலையில் தமிழ்க் குடியிருப்பு தொடங்கும்போதே மலாயா இந்தியர் அரசியலும் தொடங்கிவிட்டது. 1936-ல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தொழிலாளர் நிலையை ஆராய வந்தார். அவருடைய அறிக்கை 1937-ல் வெளியானது. ஆள் அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்ற அவர் முடிவை இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் ஏற்கவில்லை.

அந்தக் காலத்து ஆவணங்கள் யாருடையவை? மலாயாவிலிருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள், தொழிலாளர் இலாகாவின் கோப்புகள், தோட்ட நிறுவனங்களின் கணக்குகள், சாஸ்திரியின் அறிக்கை. இவற்றில் தொழிலாளி எண்ணிக்கையாக வருகிறார், கூலி விகிதமாக வருகிறார், நோய்ப் பட்டியலாக வருகிறார். பின்னாளில் கெர்னியல் சிங் சந்து 1969-லும் சின்னப்பா அரசரத்தினம் 1970-லும் வெளியிட்ட அடிப்படை நூல்கள் பெரும்பாலும் இத்தகைய அரசாங்க ஆவணங்களை ஊன்றியே நின்றன. அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கிடைத்ததை வைத்து அவர்கள் கட்டியவை இன்றும் நிற்கின்றன. தோட்டத்திலேயே தங்கி மக்களோடு பேசி எழுதிய ரவீந்திர ஜெயினின் 1970-ஆம் ஆண்டு நூல் போன்றவை அரிது.

காலனி அரசின் கோப்புகளும் முழுமையாக இல்லை. 1957-ல் சுதந்திரத்துக்கு முன், கோலாலம்பூரிலிருந்து ஏராளமான கோப்புகளை லாரிகளில் சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். பல காலனிகளிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மறைத்து வைக்கப்பட்டிருந்த கோப்புகளை, 2012 முதல்தான் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் படிப்படியாகத் திறந்துவிட்டது. ஆள்பவரின் ஆவணத்தை மட்டும் நம்பி ஒரு சமூகம் தன் வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்?

தமிழர் அரசியலைப் பேசும்போது நாம் அமைச்சர்களையும் கட்சித் தலைவர்களையும் பேசுகிறோம். தோட்ட மக்களின் அன்றாடத்துக்கு மிக அருகில் இருப்பவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி குடியுரிமை, கல்வி, தொழிலாளர் நலம் ஆகியவை மத்திய அரசின் கையில் உள்ளன. நிலமும் உள்ளாட்சியும் மாநிலத்தின் கையில் உள்ளன. கோயில் நிற்கும் மனை, பள்ளிக்கு வேண்டிய நிலம், இடுகாடு, வீட்டுமனை, காய்கறித் தோட்டத்துக்கான தற்காலிக உரிமம், குப்பை, வடிகால் எல்லாம் மாவட்ட நில அலுவலகத்திலும் மாவட்ட மன்றத்திலும் தொடங்கி மாநில ஆட்சிக்குழுவில் முடியும் காரியங்கள்.

கேமரன் மலைக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மாவட்டம் பகாங்கைச் சேர்ந்தது; சாலையோ பேராக்கிலிருந்து வந்தது. தன் மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போக விரும்பும் மலைவாசி, பல பத்தாண்டுகள் தாப்பா வழியாகப் பேராக்கில் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சுங்கை கோயான் வழிச் சாலை பிற்காலத்தில்தான் வந்தது. அவ்வளவு தூரத்துக்கு ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணால் தன் குறையை எடுத்துச் செல்ல இயலாது. அவருடைய குரல் சென்ற வழி, சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்த மனுதான்.

நாடாளுமன்றத்துக்கென்று கேமரன் மலைக்குத் தனித் தொகுதி கிடைத்தது 2004 தேர்தலில்தான். அத்தேர்தலிலும் 2008-லும் ம.இ.கா.வின் தேவமணி வென்றார். 2013-ல் ஜி. பழனிவேல் வெறும் 462 வாக்கு வித்தியாசத்தில் ஜ.செ.க.வின் மனோகரனை வென்றார். 2018 தேர்தல் முடிவைத் தேர்தல் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் செல்லாது என்று அறிவித்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினரானார். இந்தத் தொகுதிக்குள் தானா ராத்தா, ஜெலாய் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2004 முதல் ஜெலாயின் உறுப்பினராக இருந்துவரும் வான் ரோஸ்டி வான் இஸ்மாயில் 2018-ல் பகாங் மந்திரி பெசார் ஆனார். தானா ராத்தாவிலோ உறுப்பினர்கள் அடிக்கடி மாறியிருக்கிறார்கள். ஒரு தொகுதியில் இருபது ஆண்டுகளைத் தாண்டிய தொடர்ச்சி. இன்னொன்றில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அலுவலகமே கைமாறும் நிலை. கோப்புகள் தப்பிப் பிழைப்பதற்கும் அழிவதற்கும் இந்த வேறுபாடே பாதிக் காரணம்.

அவை அறிக்கையில் இல்லாதது

சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சாகி வெளிவருகின்றனவே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. மலேசிய மாநிலச் சட்டமன்றங்கள் ஆண்டில் சில நாள்களே கூடுகின்றன. அந்த நாள்களில் பெரும்பங்கை வரவு செலவுத் திட்டமும் ஆளுநர் அல்லது சுல்தான் உரை மீதான விவாதமும் எடுத்துக்கொள்கின்றன. 42 தொகுதிகள் கொண்ட பகாங் அவையில் ஒரு தோட்டத்து லயத்தின் கூரை பற்றிய பேச்சு எழுந்தாலும் ஓரிரு வரியோடு முடிந்துவிடும். உறுப்பினரின் உழைப்பில் பெரும்பகுதி அவைக்கு வெளியே நடக்கிறது.

அவையின் மொழி மலாய். மனுவின் மொழி தமிழ். சில மனுக்கள் பள்ளி ஆசிரியர் எழுதிக்கொடுத்த நல்ல தமிழில் இருக்கும்; சில தோட்டத்துக் கிராணி எழுதிய ஆங்கிலத்தில் இருக்கும்; சிலவற்றில் வாசகத்துக்குக் கீழே கைநாட்டு வரிசை மட்டும் இருக்கும். குறையைச் சொல்லும் வரிசை, யாரை முன்னிறுத்துகிறார்கள், எதைக் கெஞ்சுகிறார்கள், எதை உரிமையாகக் கேட்கிறார்கள் என்பவையெல்லாம் மனுவில் இருக்கும். அதையே அவையில் மலாயில் இரண்டு வாக்கியமாகச் சுருக்கும்போது கேள்வி மிஞ்சும், கேட்டவர் மறைவார்.

ஒரு மனுக்கோப்பு சொல்லக்கூடியவை

தோட்டத் தமிழரின் ஐந்து பெரிய பிரச்சினைகளை எடுத்துக்கொண்டால் இத்தகைய கோப்பின் மதிப்பு தெளிவாகும்.

முதலாவது அடையாள அட்டை. சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்த ஏராளமான தோட்டத் தொழிலாளர்கள் விண்ணப்பிக்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, படிவம் நிரப்ப ஆள் இல்லை, அவசியமும் புரியவில்லை. 1968-ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதவர்களை வேலை உரிமம் எடுக்கச் சொன்னது. 1969-க்குப் பின் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு மூப்படைந்தனர். எத்தனை பேர் என்ற கணக்கு அரசிடம் இருக்கும். ஏன் விடுபட்டார்கள், எத்தனை முறை அலைந்தார்கள், எந்த அதிகாரி என்ன காரணம் சொன்னார் என்பது மனுக்கோப்பில்தான் இருக்கும்.

இரண்டாவது தோட்டத் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். இதற்கு விடையாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளியின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிய இயக்கம் அது. சங்கத்தின் கணக்குகள் முதலீட்டைச் சொல்லும். தொழிலாளி எந்த அச்சத்தில் பணம் கட்டினார் என்பதைக் கடிதங்களே சொல்லும்.

மூன்றாவது கோயில் நிலம். தோட்டக் கோயில் நிற்பது நிறுவனத்தின் மண்ணில். தொழிலாளர் கையால் கட்டி, மூன்று தலைமுறை திருவிழா எடுத்திருந்தாலும், நிலம் கைமாறும் நாளில் கோயிலிடம் பட்டா இருக்காது. கோயில் எப்போது கட்டப்பட்டது, துரை வாய்மொழியாக என்ன சம்மதம் தந்தார், நில அலுவலகம் எப்போது என்ன பதில் எழுதியது என்று காட்டும் ஒரு பழைய கடிதம், இன்றைய வழக்கிலும் பேச்சுவார்த்தையிலும் சான்றாக நிற்கக்கூடும். இங்கே காகிதம் வரலாற்றுக்கு மட்டுமல்ல, உரிமைக்கும் தேவைப்படுகிறது.

நான்காவது தமிழ்ப்பள்ளி. 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருப்பதால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. அரசு முழுச் செலவில் கட்டடம் கட்ட முடியவில்லை. கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி போன்ற தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் உருவாகித் தலைமுறைகளைப் படிக்க வைத்தன. ஒரு பள்ளிக்கு மாணவர் குறைந்தபோது பெற்றோர் என்ன சொன்னார்கள், வேறிடத்துக்கு மாற்றுவதா மூடுவதா என்ற வாதம் எப்படி நடந்தது என்பதெல்லாம் கல்வி இலாகாவின் புள்ளிவிவரத்தில் இராது.

ஐந்தாவது வீடும் மண்ணும். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வுபெறும் நாளில் குடும்பம் வெளியேற வேண்டும். லயத்துக்குக் குறைந்தபட்ச வசதிகளை வரையறுக்கும் சட்டம் 1990-ல் வந்தது. அது எந்தத் தோட்டத்தில் எப்போது நடைமுறைக்கு வந்தது என்பதை, வராத இடங்களிலிருந்து வந்த புகார்களே காட்டும். மலைச்சரிவும் வெள்ளமும் இதோடு சேரும். 2013 அக்டோபரில் சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அணையின் சேறு பற்றியும் மலைச்சரிவில் காடு வெட்டுவது பற்றியும் அதற்கு முன்பே மக்கள் யாரிடம், எப்போது, என்ன சொன்னார்கள் என்பது, வருங்கால ஆபத்தைத் தடுக்க விரும்பும் யாருக்கும் தேவையான தகவல்.

பிற இடங்களின் அனுபவம்

மக்கள் பிரதிநிதிகளின் தனிக் காகிதங்களைக் காப்பது புதிய வழக்கம் அல்ல. நமக்கு அருகிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. எஸ். ராஜரத்தினம் 1915-ல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில், ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகனாக வளர்ந்தவர். 1959 முதல் 1988 வரை சிங்கப்பூரின் கம்போங் கிளாம் தொகுதியைப் பிரதிநிதித்தவர். அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். அவருடைய தனிக் காகிதங்கள் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஐரின் இங் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாற்றின் முதல் பாகம் 2010-ல் வெளியானது; அந்தக் காகிதங்கள் இல்லாமல் அது சாத்தியமாகியிருக்காது. மலேசியாவின் துணைப் பிரதமராக இருந்த துன் டாக்டர் இஸ்மாயிலின் காகிதங்களும் அதே கழகத்தைச் சேர்ந்தன. 1973-ல் அவர் மறைந்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2006-ல் ஊய் கீ பெங் எழுதிய வரலாறு நாட்டின் அரசியலைப் பற்றிய பல எண்ணங்களை மாற்றியது. ம.சீ.ச.வை நிறுவிய துன் டான் செங் லோக்கின் காகிதங்கள் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சிங்கப்பூரிலும் உள்ளன.

தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களில், சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் காகிதங்கள் டில்லியில் நேரு நினைவு நூலகமாக இருந்து, 2023-ல் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தில் இருக்கின்றன. தேவதாசி முறை ஒழிப்பு, பெண்கல்வி பற்றி ஆராய்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடிப்போகிறார்கள். தீரர் சத்தியமூர்த்தியின் கடிதப் போக்குவரத்தைக் கே.வி. ராமநாதன் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். சட்டமன்றவாதி ஒருவரின் கடிதங்கள் வழியாக விடுதலைப் போராட்டத்தை வேறொரு கோணத்தில் பார்க்க அது உதவியது.

தேயிலைத் தோட்டத் தமிழருக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு இலங்கை மலையகத்தின் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் பிறந்து, இலங்கையில் தொழிற்சங்கத்தை வளர்த்து, 1920-களின் நடுவில் சட்டநிரூபண சபைக்கும் 1936-ல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் சென்று, 1947-ல் மறைந்தவர். துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய வாழ்வைச் சாரல் நாடன் போன்றோர் மீட்டெடுத்தார்கள். அதற்கு அவர்கள் நாட வேண்டியிருந்தவை அவர் நடத்திய பத்திரிகைகள், அவை அறிக்கைகள், அவரைக் கண்காணித்த அரசின் கோப்புகள் ஆகியவை. தோட்டத் தொழிலாளி அவருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தொகுப்பாகக் கிடைத்திருந்தால், மலையகத்தின் வரலாறு தலைவரின் வரலாறாக மட்டும் நின்றிருக்காது. இந்தப் பாடத்தை இலங்கைத் தமிழர்கள் உணர்ந்தார்கள். 2005-ல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து, மலையக வெளியீடுகளையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்துப் பொதுவில் வைத்திருக்கிறது. பெரிய கட்டடமோ அரசு மானியமோ இல்லாமல் தன்னார்வலர்களைக் கொண்டே தொடங்கிய முயற்சி அது.

அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினரின் காகிதங்கள் அவருடைய தனிச்சொத்து. ஆனாலும் அவற்றைப் பல்கலைக்கழகங்களுக்கோ வரலாற்றுக் கழகங்களுக்கோ கொடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. உறுப்பினர்கள் தங்கள் காகிதங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 2008-ல் காங்கிரஸ் தீர்மானமே நிறைவேற்றியது. சட்டத்தின் கட்டாயம் இல்லாத இடத்திலும் வழக்கம் ஒன்றை வளர்க்க முடியும் என்பதே இதன் பாடம்.

நம்முடைய தடைகள்

மலேசியாவில் 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் அரசு அலுவலகங்களின் ஆவணங்களைக் காக்கிறது. அமைச்சரோ மந்திரி பெசாரோ தம் பதவியில் கையாளும் கோப்பு அரசு ஆவணம். அதை அழிக்கக் காப்பகத்தின் அனுமதி வேண்டும். அதே மனிதர் தம் தொகுதிச் சேவை மையத்தில் வைத்திருக்கும் மனுக்கோப்பு, குடும்பமோ கட்சியோ விரும்பிக் கொடுத்தால்தான் காப்பகத்தை அடையும். முதல் தடை இந்த இடைவெளி.

இரண்டாவது தடை கட்சி. சேவை மையம் கட்சி அலுவலகமாகவும் இயங்குவதால் மக்களின் மனுவும் கட்சியின் உள்விவகாரமும் ஒரே அலமாரியில் கலந்துவிடுகின்றன. தோற்ற கட்சி தன் கோப்பை வென்ற கட்சியிடம் விட்டுச்செல்ல விரும்பாது; அழித்துவிடுவது எளிது என்று தோன்றும்.

மூன்றாவது தடை தனியுரிமை. மனுவில் அடையாள அட்டை எண், நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் இருக்கும். எழுதியவர் அதை நம்பிக் கொடுத்தார். ஊர் படிக்கக் கொடுக்கவில்லை. இந்த அச்சம் நியாயமானது. அதற்கு விடை அழிப்பது அல்ல. காப்பகங்கள் இத்தகைய பகுதிகளைக் குறித்த காலம்வரை மூடிவைக்கின்றன. பெயரை மறைத்து ஆய்வுக்குத் தருகின்றன. கொடுப்பவரோடு எழுத்து மூலம் நிபந்தனை செய்துகொள்கின்றன.

நான்காவதாக, ஆய்வாளர்கள் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. அரசியல்வாதி தமக்குச் சாதகமானதைத்தான் விட்டுவைப்பார் என்பார்கள். உண்மைதான். ஆகவேதான் உரைகளையும் வாழ்த்து மடல்களையும் விட மனுக்கோப்புக்கு மதிப்பு அதிகம். அது பிறர் எழுதியது. தலைவரைப் புகழ எழுதப்படாதது. பதில் கிடைக்காத மனுக்களும் அதில் இருக்கும். எந்த ஆவணமும் தனியே முழு உண்மை அல்ல. நிறுவனக் கணக்கு, தொழிற்சங்கப் பதிவு, 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற நாளேடுகள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றோடு வைத்துப் படிக்கும்போதுதான் மனுவும் பேசும்.

ஐந்தாவது தடை காலம். இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பிரிஞ்சாங்குக்கும் தானா ராத்தாவுக்கும், அங்கிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்துவிட்டன. லயம் காலியாகும்போது அங்கே வைத்திருந்த சங்கப் புத்தகமும் கோயில் கணக்கும் புகைப்படமும் சேர்ந்தே போகின்றன. மலையின் ஈரக்காற்றில் காகிதம் வேகமாகப் பூஞ்சை பிடிக்கும். இப்போது மனுக்கள் வாட்சாப்பில் வருகின்றன; கைப்பேசி மாறினால் ஐந்து ஆண்டின் மனுக்கள் ஒரே நாளில் இல்லாமல் போகும்.

செய்யக்கூடியவை

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் காகிதங்களை ஏற்றுப் பாதுகாக்கிறது. 1956-ல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை நமக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் மக்கள் பிரதிநிதிகளோடு இணைக்கும் வழக்கம்தான் இல்லை.

முதல் படி உறுப்பினர்களுடையது. பதவியேற்கும் நாளிலேயே மக்களின் மனுவையும் கட்சிக் காகிதத்தையும் தனித்தனியே வைக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. வாட்சாப் உரையாடல்களை மாதம் ஒருமுறை கோப்பாக இறக்கிச் சேமிக்கலாம். விலகும்போது காப்பகத்தோடு எழுத்து ஒப்பந்தம் செய்து, எதைத் திறப்பது, எதை எத்தனை ஆண்டு மூடுவது என்று முடிவு செய்யலாம்.

இரண்டாவது படி குடும்பங்களுடையது. மறைந்த தந்தையின் அலமாரியைத் திறக்கும் பிள்ளைகள், எதையும் ஒழுங்குபடுத்தத் தொடங்குவதற்கு முன், வந்த வரிசையைக் கலைக்காமல் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தோடு உறையையும் வைக்க வேண்டும். தேதியும் ஊரும் பல நேரம் உறையில்தான் இருக்கும். துருப்பிடிக்கும் கிளிப்புகளை எடுத்துவிடலாம்; ஒட்டுநாடா போடவோ லேமினேட் செய்யவோ கூடாது. தரையிலிருந்து உயர்த்தி, உலர்ந்த இடத்தில் அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். பயனற்றது என்று தோன்றும் ரசீதையும் மனுப்பட்டியலையும் எறியக் கூடாது. பெரிய மனிதரின் வாழ்த்துக் கடிதத்தை விட, நாற்பது கைநாட்டுள்ள ஒரு தண்ணீர்க் குழாய் மனு வரலாற்றாசிரியருக்கு அதிகம் சொல்லும்.

மூன்றாவது படி அமைப்புகளுடையது. கோயில் நிர்வாகங்கள், பள்ளி வாரியங்கள், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகள் ஆகியவை தாங்கள் அனுப்பிய மனுக்களின் நகலைத் தங்களிடமே வைத்திருக்கக்கூடும். அவற்றை மின்வடிவில் சேர்க்கும் வேலையை நூலகம் நிறுவனத்தின் முறையில், மாணவர்களைக் கொண்டு மலையிலேயே தொடங்க முடியும். பூர்வகுடி மக்களும் சீன விவசாயிகளும் தங்கள் உறுப்பினரிடம் கொடுத்த மனுக்களும் இதே கோப்புகளில்தான் இருக்கும். மலையின் எல்லாச் சமூகங்களும் சேர்ந்து செய்தால் யாருடைய வரலாறும் விடுபடாது.

நான்காவது படி சட்டமன்றத்துடையது. சேவை மையத்துக்கு மாநில அரசின் ஒதுக்கீடு போகிறது. அந்தப் பணத்தில் நடக்கும் அலுவலகத்தின் மனுப்பதிவேட்டைத் தவணை முடிவில் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அவை ஒரு விதி செய்தால், கட்சி எதுவானாலும் பதிவு தொடரும். அதற்குப் பெரிய செலவும் இல்லை, அரசியல் சண்டையும் தேவையில்லை.

மக்கள் பிரதிநிதியின் கோப்பு அவருடைய பெருமைக்கான நினைவுச்சின்னம் அல்ல. அவரை நம்பி எழுதியவர்களின் சொத்து. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. கேமரன் மலையில் வாழ்ந்த, வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, பழைய சேவை மையத்திலோ இத்தகைய பெட்டி ஒன்று இருக்குமானால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதை இந்தத் தலைமுறை செய்யாவிட்டால், அடுத்த தலைமுறை விரும்பினாலும் செய்ய இயலாது.